பேச்சுப் பெட்டியும் மாப்பிள்ளை மரியாதையும்

என் மனைவியின் அப்பாவுக்குக் கண் தெரியாது. ஆனாலும் தாப்பா ஊரில் அவர் வீட்டு வாசலில் என் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிடுவார். கைலியை மாற்றிக் காற்சட்டை போட்டிருப்பார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கும். "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று சத்தம் வந்த பக்கம் கை நீட்டுவார். நான் உட்காராமல் அவர் உட்காரமாட்டார். நான் சாப்பாட்டில் கை வைக்காமல் அவர் வைக்கமாட்டார். கல்யாணமான புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுகூடப் பொய். பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா அம்மா ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பாதி எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகிவிட்டது, மீதியை மட்டமாக்கித் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பைக் கட்டிவிட்டார்கள். அந்தத் தாமானிலேயே ஒரு வரிசை வீட்டை வாங்கி நான் குடியிருக்கிறேன். மாமா அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பெண் கேட்டுப் போனபோது அவர் பக்கத்துச் சொந்தங்கள் சிலர் "தோட்டத்துக் குடும்பமா?" என்று முகம் சுளித்தது என் காதில் விழுந்தது. மாமா விடவில்லை. "மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கு உள்ளுக்கே போயி வேல செய்யறவரு, தெரியுமா?" என்று அடித்துச் சொன்னாராம். அதே சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும்போது அவர் எனக்காக எழுந்து நின்றால், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே போகிறவன் என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். நாம் பார்க்கும் எழுத்து, படம் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. விசைப்பலகையில் தட்டியதை வாங்கிக்கொள்வதும், வெளியே செருகிய சாதனங்களோடு பேசுவதும் அதன் வேலை. சம்பளத்துக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். சம்பளமில்லாமல், ஆசைக்கு, பல நாட்டு ஆட்கள் கூடி எழுதும் ஒரு பொதுக் கெர்னலில் அவ்வப்போது கை வைப்பேன். அங்கே எவரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் எல்லாரும் பார்க்கும் பொது அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். பாராட்டும் திட்டும் அதே இடத்தில், எல்லார் முன்னாலும்தான் கிடைக்கும்.

கண் அழுத்த நோயில் மாமாவுக்குப் பார்வை போன பிறகு, பார்வையற்றோருக்கான வகுப்பு ஒன்றில் அவருக்கு ஒரு பழைய பேச்சுப் பெட்டியைக் கொடுத்தார்கள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். கணினியோடு கேபிளில் இணைத்தால், திரையில் வரும் எழுத்தை மூக்கால் பேசும் ஓர் ஆங்கிலக் குரலில் படிக்கும். இப்போது இதைக் கைபேசியே செய்கிறது. நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை" என்று வாங்கிக்கொண்டவர், கொஞ்ச நாளில் அதை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கொடுத்துவிட்டார். அவருக்கு அந்த மூக்குக் குரல்தான் வேண்டும். காலையில் அதில் பேப்பர் கேட்பார், பிற்பகலில் மின்னஞ்சல். மகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினால் பெட்டி அதைக் கொலை செய்து படிக்கும். அவர் சிரித்துச் சிரித்துப் புரிந்துகொள்வார். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதருக்கு ஊர் உலகம் எல்லாம் அந்த டப்பாவுக்குள் இருந்தது.

ஜன்னல் ஓரத்தில் மேசை. மேசையில் கணினி, பக்கத்தில் பெட்டி. மேலே சுழலும் காற்றாடி. ஜன்னலுக்கு வெளியே சாலையில் போகிற மோட்டார் சைக்கிளின் சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிவிடுவார். அது அவர் இடம்.

அந்தப் பெட்டிக்காகத்தான் கெர்னலின் அந்த மூலையை நான் முதலில் திறந்து பார்த்தேன். பல கம்பெனிகள் பல காலத்தில் செய்த பேச்சுப் பெட்டிகளுக்கு ஆளுக்கொரு கோப்பு இருந்தது. எல்லாமே ஒரே கோப்பின் நகல். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் பெட்டியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். வரிசையிலிருந்து ஓர் எழுத்தை எடு, பெட்டிக்கு அனுப்பு, பெட்டி நிரம்பிவிட்டால் கொஞ்சம் பொறு, மறுபடி அனுப்பு. கோப்புக்குக் கோப்பு இதே வட்டம். முதலாமவர் குறிப்பில் விட்ட எழுத்துப் பிழைகூட எல்லாவற்றிலும் பத்திரமாக இருந்தது. எங்கள் தாமான் வரிசை வீடுகளும் இப்படித்தான். ஒரு வீட்டுக் குளியலறை ஒழுகினால் வரிசை முழுக்க அதே இடத்தில் ஒழுகும். ஆளாளுக்குத் தனித்தனியாக ஆள் கூப்பிட்டுப் பூசிக்கொண்டிருப்போம்.

எனக்கு ஒரே பொருள் இரண்டு இருந்தால் ஆகாது. ஒரே அளவில் இரண்டு கரண்டி இருந்தால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறவன் என்று மனைவி கேலி செய்வாள். இந்தக் கோப்புகளைப் பார்த்ததும் கை பரபரத்தது. எல்லாருக்கும் பொதுவான வட்டத்தை ஒரே இடத்தில் எழுதி, நகல்களை எல்லாம் அழித்துவிடலாம். எங்கள் தொழிலில் இதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்கக்கூடாது, உள்ளே மட்டும் சுத்தமாகியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் அது நல்ல வேலை.

பெரும்பாலும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் வித்தியாசம் இருந்த இடங்களில் கை வைக்கவில்லை. அந்தப் பெட்டிகள் என்னிடம் இல்லை, சோதிக்க வழியில்லை. ஒரே ஒரு கோப்பில் மட்டும், பெட்டி நிரம்பி மறுபடி தயாரான பிறகும் இன்னும் கொஞ்சம் பொறு என்று கூடுதலாக ஒரு வரி இருந்தது. ஏன் என்று எந்தக் குறிப்பும் இல்லை. எனக்கு அது யாரோ மறந்துபோய் விட்டுவைத்த வரியாகத் தெரிந்தது. அதை எடுத்தால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே வட்டம், பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கோப்பு மாமாவின் பெட்டிக்கானது. சோதித்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அந்த வரியை அழித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாப்பாவுக்குப் போய் மாமாவின் கணினியில் புதுக் கெர்னலைப் போட்டேன். பெட்டி பேசியது. ஒரு சின்னச் செய்தியைப் படிக்கவைத்துக் கேட்டேன். மூக்குக் குரல் தடையில்லாமல் ஓடியது. அத்தை தோசை சுட்டுப் போட, நாங்கள் சாப்பிட்டோம்.

"நீங்க தினம் எப்பவும் போலப் பாவிச்சுப் பாருங்க மாமா. ஏதாச்சும் கோளாறுனா சொல்லுங்க" என்றேன்.

"என்னா கோளாறு வரப்போவுது? நீங்க செஞ்சது" என்றார்.

சில வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். "நல்லாருக்கு மாப்பிள்ளை. முன்னவிட இப்ப வேகமா இருக்கு. ஒரு சூசாவும் இல்ல, ஒரு தொல்லையும் இல்ல."

திருத்தத்தை அனுப்பும்போது அதன் அடியில், இதை இன்னார் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு வரி சேர்ப்பது அங்கே வழக்கம். பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் போட வேண்டும். மாமாவிடம் அனுமதி கேட்டேன். "எம் பேரா? அதுல வருமா?" என்று இரண்டு தரம் கேட்டார். போட்டேன். நான் அஞ்சல் அனுப்பும் கருவி, அந்த வரியில் பெயர் இருக்கிறவர்களுக்கும் தானாக ஒரு நகல் அனுப்பிவிடும். ஆகவே அந்தத் திருத்தத்தைப் பற்றி யார் என்ன எழுதினாலும் மாமாவுக்கும் போகும். அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் என்னிடம், கூடுதல் காத்திருப்பை எடுத்திருக்கிறீர்களே, உண்மையான பெட்டியில் பார்த்தாயிற்றா என்று கேட்டார். தினமும் அந்தப் பெட்டியை நம்பி வாழும் ஒருவர் வாரக்கணக்கில் பார்த்துவிட்டார் என்று பதில் எழுதினேன். நல்ல சுத்தமான வேலை என்று பாராட்டி அவர் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாராட்டை மாமா தன் பெட்டியில் கேட்டுவிட்டு, அண்டை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் கேட்கவைத்தாராம்.

அதற்குப் பிறகு ஒருமுறை போனபோது மேசை ஜன்னலோரத்தில் இல்லை. சமையலறைக்குப் போகும் வழியில், சுவர் மூலைக்கு வந்திருந்தது. அங்கே வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் அவருக்கு வேண்டாம், ஆனால் காற்றாடியும் அங்கே எட்டாது. மாமாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இங்க காத்தே வராதே மாமா?"

"அந்த ஒயரு கால்ல இடறுது மாப்பிள்ளை. இங்கன்னா பிளக்கு பக்கத்துலயே இருக்கு. வசதி."

கண் தெரியாதவர் வீட்டில் தரையில் ஒயர் ஓடுவது ஆபத்துதான். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுக் காற்றாடிக்குக் கீழே போய் நான் உட்கார்ந்தேன். அன்று கோழிக் குழம்பு இருந்தது நினைவிருக்கிறது. மேசை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை.

பிறகு வேறொரு நாட்டிலிருந்து ஒரு பெண்மணி பொது அஞ்சலில் எழுதினார். அவரும் பார்வையற்றவர், மாமாவிடம் இருக்கும் அதே பெட்டியை வைத்திருப்பவர். புதுக் கெர்னலுக்கு மாறியதிலிருந்து நீளமான எதையாவது படிக்கும்போது பெட்டி நடுவில் ஊமையாகிவிடுகிறது, மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசுகிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் மாதக் கணக்கில் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த வேலை அது. தினமும் இதே பெட்டியைப் பாவிக்கும் ஒருவர் எங்களிடம் சோதித்திருக்கிறார், அவருக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று, அவருடைய அஞ்சலோடு மாமாவுக்கும் நகல் போட்டு எழுதினேன். மரியாதையான ஆங்கிலம்தான். ஆனால் படிக்கிற எவருக்கும் அதிலிருந்த அலட்சியம் தெரியும்.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, கெர்னலின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவருடைய கணினி அவருக்கு ஊமையாகும் அபாயத்தோடு அதைச் செய்தார். கடைசியில் என் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, இதற்கு முந்தியது பேசுகிறது, இதிலிருந்து பேசவில்லை என்று எழுதினார். பராமரிப்பாளர் என்னிடம் ஒரே வரியில் கேட்டார்: இதை யார், எப்படிச் சோதித்தார்கள்?

உடனே மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மாமா, பெட்டி நடுவுல நின்னுபோவுதா?"

 பின்னால் அத்தை ஏதோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அது... அப்பப்ப கொஞ்சம் மூச்சு வாங்கும் மாப்பிள்ளை. சுவிச்ச ஒரு தட்டு தட்டினா சரியாயிடும். நமக்கு அது ஒரு வேலையா?"

"எப்பலேருந்து?"

"அது இருக்கும் லா... நீங்க புதுசா போட்டதுலேருந்து."

"அப்பவே ஏன் மாமா சொல்லல?" என்று என்னையறியாமல் குரலை உயர்த்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவர் "சின்ன விஷயம்தானே மாப்பிள்ளை" என்று முனகினார். போனை வைத்தேன்.  எனக்கு அந்த நேரத்தில் வெட்கம் வரவில்லை. பத்துப் பேர் முன்னால் என்னை மாட்டிவிட்டாரே என்று எரிச்சல்தான் வந்தது. அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து பொது அஞ்சலுக்குப் பதில் எழுதினேன். நீளமான பதில். காத்திருப்பு வரியை ஏன் எடுத்தேன், எந்த நியாயத்தில் எடுத்தேன் என்று விளக்கு விளக்கென்று விளக்கி, நடுவில் இப்படி ஒரு வாக்கியம் போட்டேன்: என் சோதனையாளர் இந்தக் குறையைத் தெரிவிக்கத் தவறிவிட்டார்.

அனுப்பு என்று தட்டிவிட்டு எழுந்துபோய் மனைவியிடம் புலம்பினேன். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எங்கப்பா உங்ககிட்ட எப்பவாச்சும் ஒரு தடவ, இது நல்லா இல்லனு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

நான் யோசித்தேன். நான் வாங்கிக் கொடுத்த கைபேசி ஞாபகம் வந்தது. நான் எடுத்துக் கொடுத்து அளவு பெரிதாகிப்போன தீபாவளிச் சட்டையை அவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாள் முழுக்கப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

"அவரப் போயி செக் பண்ணச் சொன்னீங்களே, நீங்க என்னா ஆளு? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன் லா" என்றாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள். "என்னா எழுதி அனுப்புனீங்க?"

சொன்னேன். அவள் பேனாவை மூடிவைத்தாள். "அது அப்பாவுக்கும் போகுமில்ல?"

எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பு கூசியது. அவர் பெயரைப் போட்டவன் நான். நகல் போகும்படி வைத்தவனும் நான். போன அஞ்சலைத் திரும்பக் கூப்பிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தாப்பாவுக்குப் போனோம். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கார் சத்தம் கேட்டு மாமா வாசலுக்கே வந்துவிட்டார். அலுவலகத்துக்குப் போட்ட பழைய வெள்ளைச் சட்டை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையையும் நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சு."

என் ஒத்திகை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஐயோ, என்னா மாமா நீங்க" என்றேன்.

"அந்தம்மா மொதல்ல எழுதுனதையும் நான் கேட்டேன். அவங்க சொல்றது நெசந்தான்னு எழுதிறலாமான்னு ரெண்டு நாளு யோசன. ஆனா மாப்பிள்ளைய சபையில விட்டுக்குடுக்கிற மாதிரி ஆயிடுமே. அதான் பேசாம இருந்துட்டேன். அதுவே தப்பாப் போச்சு."

மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பெட்டி எப்படி நிற்கிறது என்று எனக்குக் காட்டச் சொன்னேன். அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது பக்கம் கை நீட்டினால் சுவர் சுவிட்சு. அப்போதுதான் மேசை எதற்காக அங்கே வந்தது என்று எனக்கு விளங்கியது.

"நீளமா எதாச்சும் படிச்சாத்தான் நிக்கும்" என்றவர், தட்டித் தடவி ஓர் அஞ்சலைத் திறந்தார். என்னைக் குத்திக்காட்ட அதைத் திறக்கவில்லை. அவரிடம் இருந்ததிலேயே நீளமானது அதுதான்.

நான் எழுதியது. மூக்குக் குரல் என் விளக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தது. என் நியாயங்களை இன்னொரு வாயிலிருந்து கேட்கும்போது எவ்வளவு சின்னத்தனமாக இருந்தன என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் சோதனையாளர் என்ற இடத்தில் குரல் அறுந்து நின்றது. மாமாவின் கை சுவிட்சுக்குப் போனது. ஒரு தடுமாற்றமும் இல்லை, கண்ணுள்ளவன்கூட அவ்வளவு நேராகப் போகமாட்டான். அணைத்தார், பொறுத்தார், போட்டார். பெட்டி தன் பெயரைச் சொல்லி, தயார் என்றது. விட்ட இடத்தை விசையால் தேடிப் பிடித்து மறுபடி படிக்கவைத்தார். என் சோதனையாளர் இந்தக் குறையைத் தெரிவிக்கத் தவறிவிட்டார். இன்னும் சில வரிகள் போய் மறுபடி நின்றது. மறுபடி கை போனது.

அன்றைக்கும் அவர் இப்படித்தான் அந்த அஞ்சலைக் கேட்டிருப்பார். தன்னைக் குறை சொல்லும் வாக்கியத்தைக் கடைசிவரை கேட்பதற்கு, நான் கெடுத்துவைத்த பெட்டியைத் தட்டித் தட்டி எழுப்பியிருப்பார். "போதும் மாமா" என்றேன். "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

சரிசெய்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. நான் அழித்த அந்த ஒரு காத்திருப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். பொது வட்டம் அப்படியே இருக்கட்டும், இந்தப் பெட்டிக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் பொறு என்று வைத்தேன். ஏன் பொறுக்க வேண்டும் என்று மேலே குறிப்பும் எழுதினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரில் ஒரு நீளமான கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கவிட்டேன். குரல் நிற்கவே இல்லை. மாமாவின் வலது கை மட்டும் கட்டுரை முடியும்வரை மடியிலிருந்து பாதி தூக்கியபடியே இருந்தது.

எழுதக் கஷ்டமாக இருந்தது மன்னிப்புக் கடிதம்தான். சோதித்தவர் என் மனைவியின் அப்பா என்று எழுதினேன். எங்கள் வீடுகளில் மாமனார் மாப்பிள்ளை செய்ததில் குறை சொல்லமாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அவரிடமே கேட்டு அவர் சொன்ன நல்ல வார்த்தையைச் சோதனை என்று உங்கள் முன் வைத்தேன், தவறியது நான் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் மாமனார், மாப்பிள்ளை என்று விளக்க விளக்க அது ஏதோ விசித்திரக் கதை போல ஆகிக்கொண்டே போனது. பாதியை அழித்தேன். கேபிளை மாற்றச் சொன்னதற்கு அந்த அம்மாளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் புதுத் திருத்தத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, பேசுகிறது என்று எழுதினார். உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே சுவிட்சைத் தட்டியிருக்கிறோம் என்றும் எழுதியிருந்தார். மாமா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தாராம்.

பழைய திருத்தத்தில் அவர் பெயர் இருக்கும் வரியை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. கெர்னலின் வரலாற்றில் ஒருமுறை ஏறியது ஏறியதுதான். சோதித்துப் பார்த்தார் என்று அவர் பெயர் அங்கே கிடக்கும், எவரும் தேடி எடுத்துப் படிக்கலாம். இதை அவரிடம் சொன்னேன்.

"இருந்துட்டுப் போவட்டும் மாப்பிள்ளை. ஒங்க பேருக்குக் கீழதானே இருக்கு" என்றார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது தாப்பாவுக்குப் போகிறோம். போகும்போதெல்லாம், "பெட்டி எப்படி மாமா?" என்று கேட்கிறேன். "நல்லாருக்கு மாப்பிள்ளை" என்கிறார். முன்னாலும் இதே வார்த்தையைத்தான், இதே குரலில்தான் சொன்னார். அதனால் நான் அவர் பதிலை விட்டுவிட்டு மேசையைப் பார்க்கிறேன். மேசை இன்னும் அந்த மூலையிலேயே இருக்கிறது. ஜன்னலோரம் காலியாகக் கிடக்கிறது. காற்றாடி யாருமில்லாத இடத்தில் சுற்றுகிறது.

போன தடவை அவர் குளிக்கப் போயிருந்தபோது அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். "அத்தை, உண்மையச் சொல்லுங்க. இன்னும் நிக்குதா?"

"இல்ல மாப்பிள்ளை, சத்தியமா. நீங்க சரி பண்ணதுலேருந்து ஒரு தடவகூட நிக்கல. பேசுது பேசுது, பேசிக்கிட்டே இருக்கு. எனக்குத்தான் காது வலிக்குது லா."

"அப்ப மேசைய ஜன்னல் பக்கம் போட்டுக்கலாமே. புழுக்கத்துல உக்காந்திருக்காரு."

அத்தை குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாரு. என்னிக்காச்சும் நீங்க வந்திருக்கறப்ப நின்னுபோச்சுன்னா, ஒங்களுக்குத் தெரியறதுக்குள்ள தட்டிவிட்டுறணுமாம்."